கீத் ‘புளூயி’ டிரஸ்காட்: போர்க்காலக் கால்பந்து வீரர் ஒருவரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீத் டிரஸ்காட் என்பவர் யார்?

கீத் வில்லியம் டிரஸ்காட் 1916 மே 17 அன்று மெல்போர்ன் நகரின் பிரஹ்ரான் பகுதியில் பிறந்தவர். விக்டோரியக் கால்பந்து லீக்கில் மெல்போர்ன் கழகத்துக்காக 50 ஆட்டங்கள் ஆடி 31 கோல்கள் அடித்தவர். 1939, 1940 ஆகிய இரு ஆண்டுகளிலும் கோப்பை வென்ற அணியில் இடம்பெற்றவர். இரண்டாம் உலகப் போரில் ஆஸ்திரேலிய விமானப்படையின் போர் விமானியாகப் புகழ்பெற்று, 1943 மார்ச் 28 அன்று, தம் 26ஆம் வயதில் இறந்தார். தலைமுடி செம்பட்டை நிறமாக இருந்ததால், அந்நாட்டு வழக்கப்படி நண்பர்கள் அவரை ‘புளூயி’ என்று அழைத்தனர். பத்திரிகைகளிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அவர் ஆடிய ஆட்டம் நாம் அறிந்த கால்பந்துதானா?

இல்லை. 1850களின் இறுதியில் மெல்போர்னில் விதிகள் வகுக்கப்பட்ட ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து அது. கிரிக்கெட் ஆடப்படும் பெரிய நீள்வட்ட மைதானத்தில், முட்டை வடிவப் பந்தைக் கொண்டு, பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர் ஆடுவார்கள். பந்தைக் கையில் எடுத்து ஓடலாம், ஆனால் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை தரையில் தட்ட வேண்டும். சக வீரருக்குக் கொடுப்பதானால் காலால் உதைக்க வேண்டும் அல்லது மூடிய கையால் குத்தி அனுப்ப வேண்டும், எறியக் கூடாது. இரு முனைகளிலும் நான்கு கம்பங்கள் நிற்கும். நடுவிலுள்ள இரண்டுக்கும் இடையே உதைத்தால் ஆறு புள்ளிகள் கொண்ட கோல். பக்கவாட்டு இடைவெளியில் சென்றால் ‘பிஹைண்ட்’ எனப்படும் ஒரு புள்ளி. ஆகவே 21.22 என்று எழுதப்பட்டிருந்தால், 21 கோல்களும் 22 பிஹைண்டுகளுமாக மொத்தம் 148 புள்ளிகள் என்று பொருள்.

டிரஸ்காட்டின் காலத்தில் அணியில் மாற்று வீரராக ஒரே ஒருவர், பத்தொன்பதாமவர், மட்டுமே இருந்தார். மற்ற பதினெட்டுப் பேரும் நான்கு கால் பகுதி ஆட்டத்தையும் ஓய்வின்றி ஆடி முடிக்க வேண்டியிருந்ததை நினைவில் கொண்டால்தான், அக்காலத்து வீரர்களின் உடல் வலிமையைச் சரியாக மதிப்பிட முடியும்.

அவர் எப்படி லீக் ஆட்டத்துக்கு வந்தார்?

பள்ளி வழியாக வந்தார். மெல்போர்ன் உயர்நிலைப் பள்ளியில் கிரிக்கெட், கால்பந்து ஆகிய இரண்டிலும் முன்னணியில் இருந்த மாணவர் அவர். சிறிது காலம் ஆசிரியப் பணியை நாடி, பிறகு ஓர் இறைச்சி வணிக நிறுவனத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 1937 இல் மெல்போர்ன் கழகத்தின் முதல் அணியில் இடம் கிடைத்தது.

அதே பள்ளியில் சில ஆண்டுகள் பின்னால் படித்தவர்தான் கிரிக்கெட் ரசிகர்கள் நன்கறிந்த கீத் மில்லர். அவரும் இந்த லீக்கில், செயின்ட் கில்டா கழகத்துக்காக, சரியாக 50 ஆட்டங்களே ஆடினார். அவரும் விமானப்படையில் விமானியாக இருந்தார். போர் முடிந்ததும் 1945 டிசம்பரில் ஆஸ்திரேலியப் படைவீரர் அணியுடன் சென்னைக்கு வந்து சேப்பாக்கத்தில் கிரிக்கெட்டும் ஆடினார். ஒரே பள்ளி, ஒரே எண்ணிக்கை, ஒரே படை. ஒருவர் திரும்பி வந்து உலகப் புகழ் பெற்றார், மற்றவர் திரும்பவில்லை.

அக்கால வீரர்களுக்குச் சம்பளம் கிடைத்ததா?

கிடைத்தது, ஆனால் அதைக் கொண்டு வாழ முடியாது. 1930 இல் லீக் கொண்டுவந்த கூல்டர் விதி, ஓர் ஆட்டத்துக்கு மூன்று பவுண்டுக்கு மேல் தரக் கூடாது என்று வரம்பு விதித்தது. எனவே திங்கள் முதல் வெள்ளி வரை எல்லோரும் ஏதோ ஒரு வேலை பார்த்தார்கள். சனிக்கிழமைகளில் மட்டும் பல்லாயிரம் பேர் முன்னால் ஆடினார்கள்.

மெல்போர்ன் அணி அன்று எவ்வளவு வலுவானது? அதில் அவருடைய இடம் என்ன?

அக்காலத்தின் மிகச் சிறந்த அணி என்று தயங்காமல் சொல்லலாம். ரிச்மண்ட் கழகத்துக்குக் கோப்பை வென்று கொடுத்திருந்த ஃபிராங்க் ‘செக்கர்’ ஹியூஸ் 1933 இல் மெல்போர்னின் பயிற்சியாளராக வந்து, மென்மையானவர்கள் என்று ஏளனம் செய்யப்பட்ட கழகத்தைக் கடுமையான ஓர் அணியாக மாற்றினார். தலைவராக ஆலன் லா ஃபொன்டெய்ன், கோல் அடிக்க நார்ம் ஸ்மித், எந்த இடத்திலும் ஆடக்கூடிய ஜாக் முல்லர், பந்தைப் பொறுக்கி எடுத்து ஓடும் பெர்சி பீம்ஸ் என்று வரிசையாக நட்சத்திரங்கள் இருந்தனர்.

1939 இறுதிப்போட்டியில் காலிங்வுட் அணியை 21.22 (148) - 14.11 (95) என்று 53 புள்ளி வித்தியாசத்தில் வென்றார்கள். அடுத்த ஆண்டு ரிச்மண்டை 15.17 (107) - 10.8 (68) என்று வீழ்த்தினார்கள். அந்த ஆட்டத்தில் ஸ்மித் மட்டும் ஏழு கோல் அடித்தார். 1941 இல் எசெண்டனை வென்று தொடர்ந்து மூன்றாவது கோப்பையையும் கைப்பற்றினார்கள். அப்போது டிரஸ்காட் கடல் கடந்திருந்தார்.

டிரஸ்காட் பெரும்பாலும் ‘ஹாஃப் ஃபார்வர்டு’ இடத்தில், அதாவது நடுக்களத்துக்கும் கோல் முனைக்கும் இடைப்பட்ட ஓர வரிசையில் ஆடினார். அந்த இடத்துக்கு வருபவர் பெரிய கோல் கணக்கைச் சேர்ப்பதில்லை. பந்தை வென்று முன்னே நிற்பவருக்குச் சேர்ப்பதே அவருடைய வேலை. ஆகவே 50 ஆட்டங்களில் 31 கோல் என்பதை ஒரு மைய முன்கள வீரரின் கணக்கோடு ஒப்பிடுவது முறையாகாது. அதே சமயம், லா ஃபொன்டெய்ன், ஸ்மித், முல்லர் ஆகியோரின் தரத்தில் அவரை வைப்பதும் மிகையே. சிறந்த அணியொன்றில், பெரிய ஆட்டங்களுக்குத் தவறாமல் தேர்வு செய்யப்பட்ட நல்ல வீரர் அவர். இதற்கு மேல் அவரை உயர்த்திச் சொல்லும் எழுத்துகளில், விமானியின் புகழ் கால்பந்து வீரர்மீது பின்னோக்கிப் படிந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

படையில் சேர்ந்த பிறகும் 1940 இறுதிப்போட்டியில் அவர் எப்படி ஆடினார்?

1940 ஜூலையில் அவர் விமானப்படையில் சேர்ந்தார். பயிற்சி தொடங்கியிருந்த நிலையில், இறுதிப்போட்டிக்காக அவருக்கு விடுப்பு வழங்கப்பட்டது. போரின் முதல் ஆண்டில் படைக்கும் லீக்குக்கும் இடையே இத்தகைய இணக்கம் அரிதன்று. பயிற்சி முகாம்கள் மெல்போர்னைச் சுற்றியே இருந்தன. புகழ்பெற்ற வீரர் ஒருவர் சீருடையோடு மைதானத்துக்கு வருவது ஆள்சேர்ப்புக்கும் நல்ல விளம்பரமாக அமைந்தது. ஜப்பான் போரில் இறங்கிய பிறகு இந்தத் தளர்வு குறைந்தது.

கால்பந்துப் புகழ் அவரை விமானியாக்கியதா?

ஓரளவுக்கு ஆம் என்றே சொல்ல வேண்டும். தொடக்கப் பயிற்சியில் அவர் சிறந்த மாணவராக விளங்கவில்லை. தரையிறங்கும்போது உயரத்தைச் சரியாகக் கணிக்க முடியாமல், ஓடுதளத்துக்கு வெகு மேலேயே விமானத்தைச் சமப்படுத்திவிடும் குறை அவரிடம் இருந்தது. அது எளிதில் தீரவும் இல்லை. பெயர் அறியாத வேறொருவராக இருந்தால் விமானிப் பயிற்சியிலிருந்து விலக்கி வேறு பணிக்கு அனுப்பியிருப்பார்கள். புகழ்பெற்ற கால்பந்து வீரர் என்பதாலும், அணியினரை ஒன்றுதிரட்டும் இயல்பு அவரிடம் இருந்ததாலும் அவருக்குக் கூடுதல் வாய்ப்புக் கிடைத்தது. பிறகு கனடாவில் மேற்பயிற்சி முடித்து 1941 இல் பிரிட்டன் சென்றார்.

இந்தக் குறையை இங்கே வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம், அவருடைய இறுதி நாளைப் பற்றிய கேள்வியில் அது மீண்டும் வர வேண்டியிருக்கிறது என்பதே.

பிரிட்டனில் அவர் என்ன செய்தார்?

1941 ஏப்ரலில் கிர்ட்டன்-இன்-லிண்ட்சி தளத்தில் உருவாக்கப்பட்ட 452ஆம் அணியில் சேர்ந்தார். பிரிட்டனில் அமைக்கப்பட்ட முதல் ஆஸ்திரேலியப் போர்விமான அணி அது. ஸ்பிட்ஃபயர் விமானங்களை ஓட்டியது. அங்கே பிரிவுத் தலைவராக இருந்த அயர்லாந்துக்காரர் பேடி ஃபினுகேன், டிரஸ்காட்டைவிட நான்கு வயது இளையவர், ஆனால் போர் அனுபவத்தில் மிக மூத்தவர். இருவரும் நெருங்கிய நண்பர்களாயினர். அணி கென்லி தளத்துக்கு மாறிய பின், பிரான்ஸின் வடபகுதிக்கு மேல் நாள்தோறும் பறக்க வேண்டியிருந்தது. ஆகஸ்டில் டிரஸ்காட் முதல் ஜெர்மன் விமானத்தை வீழ்த்தினார்; நவம்பரில் அவரே சுடப்பட்டு, ஆங்கிலக் கால்வாயில் பாராசூட் மூலம் குதித்து மீட்கப்பட்டார். சிறப்புப் பறத்தல் சிலுவை என்ற பதக்கத்தை 1941 இலும், அதே பதக்கத்தின் இரண்டாம் விருதை 1942 தொடக்கத்திலும் பெற்றார். அந்த அணியின் தலைமைப் பொறுப்பும் அவரிடம் வந்தது.

மெல்போர்ன் பத்திரிகைகளுக்கு இது பெரும் விருந்து. விளையாட்டுப் பக்கத்தில் பழகிய பெயர் இப்போது முதல் பக்கத்தில் வந்தது. அவருக்குச் சமமாகப் போரிட்ட, கால்பந்து ஆடாத விமானிகள் பலருக்கு இந்த வெளிச்சம் கிடைக்கவில்லை.

1942 இல் அவர் மீண்டும் ஆடினார் என்பது உண்மையா?

உண்மைதான். ஜப்பானிய அச்சுறுத்தலால் தாய்நாட்டுக்கு அழைக்கப்பட்ட அவர், 1942 மே மாதம் மெல்போர்ன் அணிக்காக ஒரே ஓர் ஆட்டம் ஆடினார். அதுவே அவருடைய ஐம்பதாவதும் கடைசியுமான ஆட்டம். 1941 இல் ஓர் ஆட்டம்கூட ஆடாததால்தான் சாதனைப் பட்டியல்களில் அவருடைய ஆண்டுகள் 1937 முதல் 1940 வரை என்றும், பிறகு தனியாக 1942 என்றும் பிரித்து எழுதப்படுகின்றன.

அந்த ஆண்டில் லீக் எந்த நிலையில் இருந்தது? போருக்கு நடுவே ஆட்டம் ஏன் நிறுத்தப்படவில்லை?

நிறுத்த வேண்டும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். முதல் உலகப் போரின்போது பல கழகங்கள் விலகி, ஒரு பருவத்தில் நான்கு அணிகளோடு லீக் நடந்த நினைவு இன்னும் மறையவில்லை. இம்முறை, தொழிற்சாலைகளில் நெடுநேரம் உழைக்கும் மக்களுக்குச் சனிக்கிழமைப் பொழுதுபோக்கு தேவை என்ற கருத்து வென்றது.

ஆனால் விலை கொடுக்க வேண்டியிருந்தது. மெல்போர்ன் கழகத்தின் சொந்த மைதானமும் இறுதிப்போட்டிகள் நடக்கும் இடமுமான மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தை 1942 இல் அரசு எடுத்துக்கொண்டது. முதலில் அமெரிக்க விமானப்படையினரும், பிறகு அமெரிக்க மரைன் வீரர்களும், கடைசியில் ஆஸ்திரேலிய விமானப்படையும் பார்வையாளர் மாடங்களின் கீழே தங்கினார்கள். 1946 இல்தான் அங்கே மீண்டும் கால்பந்து ஆடப்பட்டது. அதுவரை மெல்போர்ன் கழகம் பக்கத்திலுள்ள பண்ட் ரோடு மைதானத்தில், எதிரிக் கழகமான ரிச்மண்டின் வீட்டில், குடியிருக்க நேர்ந்தது. இறுதிப்போட்டிகளும் இடம் மாறின: 1942, 1943, 1945 ஆகிய ஆண்டுகளில் கார்ல்டனின் பிரின்சஸ் பார்க், 1944 இல் செயின்ட் கில்டாவின் ஜங்ஷன் மைதானம். பயணக் கட்டுப்பாடுகளால் ஜீலாங் கழகம் 1942, 1943 பருவங்களில் கலந்துகொள்ளவே இல்லை. சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கமும் 1942 முதல் 1945 வரை வழங்கப்படவில்லை.

எந்தச் சனிக்கிழமை யார் ஆடுவார் என்று பயிற்சியாளருக்கே வெள்ளிக்கிழமை வரை தெரியாது. முகாமில் விடுப்புக் கிடைத்தவர் ஆடினார். இப்பருவங்களின் புள்ளிவிவரங்களை மற்ற ஆண்டுகளோடு அப்படியே வைத்து ஒப்பிடுவது, போர்க்கால வீரர்கள் எல்லோருக்கும் அநீதி செய்வதாகும். சிலருடைய கணக்கு பலவீனமான எதிரணிகளால் பெருத்திருக்கிறது. வேறு சிலருடைய கணக்கு, அவர்களுடைய சிறந்த வயதில் முற்றிலும் வெறுமையாக இருக்கிறது.

மில்னே விரிகுடாவில் அவருடைய பங்கு என்ன?

பப்புவாவின் கிழக்கு முனையிலுள்ள மில்னே விரிகுடாவில், 1942 ஆகஸ்ட் 25 இரவு ஜப்பானியப் படை தரையிறங்கியது. அங்கே சேற்றின்மேல் இரும்புத் தட்டிகள் விரித்த ஓடுதளத்திலிருந்து 75, 76ஆம் அணிகளின் கிட்டிஹாக் விமானங்கள் இயங்கின. 76ஆம் அணியின் தலைவர் பீட்டர் டர்ன்புல் 27ஆம் தேதி கொல்லப்பட்டதும், அப்போது அந்த அணியில் இருந்த டிரஸ்காட் பொறுப்பேற்றார். இது பிரான்ஸுக்கு மேல் நடந்த வானப் போரைப் போன்றதன்று. மழையிலும் தாழ்ந்த மேகத்திலும் மரங்களின் உச்சியை ஒட்டிப் பறந்து, காட்டுக்குள் இருக்கும் எதிரிகளையும் கரையோரப் படகுகளையும் சுட வேண்டும். சில நாட்களில் மேலெழும்பிய சிறிது நேரத்திலேயே சுடத் தொடங்கினார்கள். இடைவிடாத சுடுதலால் துப்பாக்கிக் குழாய்களே தேய்ந்துபோயின. எதிரி ஓடுதளத்தை நெருங்கியபோது விமானங்கள் ஓர் இரவு மட்டும் போர்ட் மோர்ஸ்பிக்கு அனுப்பப்பட்டு மறுநாள் திரும்பின. செப்டம்பர் முதல் வாரத்தின் இறுதியில் ஜப்பானியர் பின்வாங்கினர். பசிபிக் போரில் தரையிறங்கிய ஜப்பானியப் படை ஒன்று முறியடிக்கப்பட்டுத் திரும்பிய முதல் பெரிய நிகழ்வு அது.

அவருடைய போர் வாழ்வில் இதையே நான் முதன்மையாகக் கருதுவேன். வீழ்த்திய விமானங்களின் எண்ணிக்கை இங்கே கூடவில்லை. ஆனால் தலைவரை இழந்த ஓர் அணியைச் சேற்றுக்கும் மலேரியாவுக்கும் நடுவே ஒன்றாக வைத்திருந்தார். மைதானத்தில் அவரை அறிந்தவர்கள் எதற்காக அவரை விரும்பினார்களோ, அதே குணம்தான் இங்கே பயன்பட்டது.

அவர் எத்தனை விமானங்களை வீழ்த்தினார்?

நூலுக்கு நூல் எண்ணிக்கை மாறுபடும். உறுதி செய்யப்பட்டவை, அநேகமாக வீழ்ந்தவை, சேதமடைந்தவை என்று மூன்று வகைகளை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகக் கூட்டுவதே இதற்குக் காரணம். பெரும்பான்மையானவை பிரிட்டனில் இருந்த சில மாதங்களில் வந்தவை. கடைசி வெற்றி 1943 ஜனவரியில் ஓர் இரவு டார்வின் பகுதியில் சுட்டு வீழ்த்திய ஜப்பானியக் குண்டுவீச்சு விமானம்.

அவர் எப்படி இறந்தார்?

எதிரியால் அல்ல. 1943 தொடக்கத்தில் 76ஆம் அணி மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் வளைகுடாவுக்கு மாற்றப்பட்டது. மார்ச் 28 அன்று கேட்டலினா வகை கடல் விமானம் ஒன்றுக்குத் துணையாகப் பறந்த டிரஸ்காட், பயிற்சிக்காக அதன்மீது பொய்த் தாக்குதல் நடத்தினார். கேட்டலினா மிகத் தாழ்வாகப் பறந்துகொண்டிருந்தது. அன்று கடல் அலையே இல்லாமல் கண்ணாடிபோல் கிடந்தது. அத்தகைய நீர்ப்பரப்பின்மேல் உயரத்தைக் கண்ணால் கணிப்பது அனுபவமிக்கவர்களுக்கே கடினம். அவருடைய கிட்டிஹாக் நீரில் மோதி மூழ்கியது. உடல் மீட்கப்பட்டு, பெர்த் நகரின் கராகட்டா இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது.

பயிற்சிக் காலத்துக் குறையே அவரைக் கொன்றது என்று சிலர் எழுதுகிறார்கள். அந்த ஒப்புமை கண்ணில் படவே செய்கிறது. என்றாலும் இடையில் இரு கண்டங்களில் அவர் நடத்திய எண்ணற்ற பறத்தல்களைத் தள்ளிவிட்டு, ஒரு முடிச்சாக அதைக் கட்டுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. கண்ணாடி நீரின்மேல் அவரைவிடத் துல்லியமான விமானிகளும் ஏமாந்திருக்கிறார்கள்.

மெல்போர்ன் அணியில் வேறு யாரெல்லாம் போரில் இறந்தார்கள்?

1940 இறுதிப்போட்டியில் இடம்பெற்றவர்களில் மட்டும் நால்வர். அன்று பத்தொன்பதாவது ஆளாக இருந்த ரான் பராசி 1941 ஜூலை 31 அன்று லிபியாவின் டொப்ரூக்கில் கொல்லப்பட்டார். மெர்பீன் என்ற சிற்றூரிலிருந்து வந்த இளைஞர் ஹரால்ட் பால், கள மருத்துவப் பிரிவில் பணியாற்றி, 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் சிக்கி இறந்தார். மூன்றாமவர் டிரஸ்காட். விமானப்படையில் இருந்த சிட் ஆண்டர்சன் 1944 இல் நியூகினிப் பகுதியில் உயிரிழந்தார்.

பராசியின் மகனுக்கு அப்போது ஐந்து வயது. பிற்காலத்தில் நார்ம் ஸ்மித்தின் வீட்டில் தங்கி, அவருடைய பயிற்சியில் வளர்ந்த அந்தச் சிறுவன்தான், தந்தையின் பெயரையே தாங்கி, இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய ஆளுமைகளுள் ஒருவரான ரான் பராசி. முன்னாள் வீரரின் மகனைத் தந்தையின் கழகத்திலேயே சேர்த்துக்கொள்ள வழிசெய்த விதி, பின்னாளில் அவர் மூலமாகவே பரவலாக அறியப்பட்டது.

போர் இல்லாதிருந்தால் அவர் மாபெரும் வீரராக வந்திருப்பாரா?

1940 முடிவில் அவருக்கு வயது 24. ஹாஃப் ஃபார்வர்டு ஒருவர் முழுமை பெறும் வயது அதற்குப் பிறகே தொடங்குகிறது. மெல்போர்ன் அணி 1941க்குப் பிறகு 1948 வரை கோப்பை வெல்லவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியிருக்க வேண்டிய தலைமுறையில் அவரும் ஒருவர். அணித் தலைவராக உயர்ந்திருப்பார் என்று நம்ப இடமுண்டு, ஏனெனில் அவருடைய தனித்திறனைவிடத் தலைமைப் பண்பே இரு களங்களிலும் வெளிப்பட்டது. இருநூறு ஆட்டங்கள், நூற்றுக்கணக்கான கோல்கள் என்று கற்பனைக் கணக்கு எழுதுவதில் மட்டும் பயனில்லை.

அவருடைய பெயர் இன்று எங்கே வழங்குகிறது?

மெல்போர்ன் கழகம் ஒவ்வோர் ஆண்டும் தன் சிறந்த வீரருக்கு அளிக்கும் விருதின் பெயர் ‘கீத் புளூயி டிரஸ்காட் நினைவுக் கோப்பை’. அயர்லாந்தில் பிறந்த ஜிம் ஸ்டைன்ஸ் அதை நான்கு முறை வென்றார்; பிறகு கிளேட்டன் ஆலிவரும் நான்கு முறை வென்றிருக்கிறார். இரண்டாம் இடத்துக்கான விருது சிட் ஆண்டர்சன் பெயராலும், மூன்றாம் இடத்துக்கானது மூத்த ரான் பராசி பெயராலும், சிறந்த புதுமுகத்துக்கானது ஹரால்ட் பால் பெயராலும் வழங்கப்படுகின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் வடகோடியில், கிம்பர்லி பகுதியில், 1944 இல் குண்டுவீச்சு விமானங்களுக்காக அமைக்கப்பட்ட தளத்துக்கும் டிரஸ்காட் என்றே பெயரிட்டார்கள். அந்த ஓடுதளம் இப்போது கடலடி எண்ணெய், எரிவாயுக் களங்களுக்குச் செல்லும் ஹெலிகாப்டர்களுக்குப் பயன்படுகிறது.